கிளைமொழி ஆய்வில் தகவலாளரைத் தேர்தல்

‘மதுரை வட்டாரத்தில் ழகரம் ளகரமாக ஒலிக்கின்றது’ என்பது போன்ற கூற்றுக்களைக் கிளைமொழி ஆய்வுகளிற் பலகாலும் காண்கின்றோம். யாருடைய நாவில் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. நால்வரைக் கேட்டெழுதியதை ஒரு வட்டாரத்தார் அனைவர் மேலும் ஏற்றிக் கூறும் இவ்வழக்கம் ஆராயற்பாலது.

ழில்லியேரோன் வகுத்த வினாக்களுடன் எட்மோன் என்பார் 1897 முதல் 1901 வரை மிதிவண்டியிற் சென்று, பிரெஞ்சு மொழிப்படத்திற்காக 639 ஊர்களின் பேச்சைப் பதிவு செய்தார். பெரும்பாலும் ஊருக்கு ஒருவரே தகவலாளர். ஆர்ட்டன் தலைமையில் இங்கிலாந்தில் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் நடந்த ஆய்வும் ஊர் பெயராத முதியோரையே, அவருள்ளும் ஆடவரையே மிகுதியும் நாடிற்று. இதனைக் குறையென்று தள்ளுதல் பொருந்தாது. வழக்கிழந்து வரும் சொற்களைத் திரட்ட விழைவார் அவற்றை அறிந்தாரிடமே செல்லல் வேண்டும். குலுக்குச் சீட்டு அங்கே பயன்படாது. ஆயின், அத்தரவு கொண்டு ‘இவ்வூரார் இங்ஙனம் பேசுவர்’ என முடித்தல் எவ்வாற்றானும் அமையாது. மகளிரும் இளையோரும் அவ்வூரார் அல்லரோ?

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தவர் லபாவ். 1966 இல் வெளிவந்த அவர்தம் நியூயார்க் நகர ஆய்வு, அந்நகரின் ஒரு பகுதியில் முன்னரே நிகழ்ந்த சமூகவியல் ஆய்வொன்றுக்கு வாய்ப்பு முறையில் தேர்ந்த மக்களிடமிருந்து தன் தகவலாளரைப் பெற்றது. ரகர ஒலி வகுப்புக்கு வகுப்பு வேறுபடுதலும், ஒருவரே படிக்குங்கால் ஒருவகையாகவும் உரையாடுங்கால் வேறுவகையாகவும் ஒலித்தலும் அதனாற் புலனாயின. நம் ழகரத்திற்கும் இது பொருந்தும். ஏட்டைப் படிக்குங்கால் ‘பழம்’ என்பார் வீட்டில் ‘பளம்’ எனல் கேட்கின்றோம். ஆகவே ஆளைத் தேர்தலோடு பேச்சுச் சூழலைத் தேர்தலும் வேண்டும்.

தகவலாளர் தொகையைப் பெருக்கினாற் போதும் என்பாரும் உளர். 1936 இல் அமெரிக்க இதழொன்று இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும் லாண்டன் வெல்வார் எனப் பிழைபடக் கணித்தது, வென்றவர் ரூசுவெல்ட். தொலைபேசிப் பட்டியல், வண்டி உடையார் பட்டியல் முதலியவற்றினின்று பெயர்களைத் தொகுத்ததும், விடுத்தோர் பலர் விடையிறாமையும் அதற்குக் காரணமாயின.

எத்துணைப் பேர் இங்ஙனம் ஒலிக்கின்றனர் என வினவும் ஆய்வாளர், வாக்காளர் பட்டியல் போன்ற ஒன்றைத் தெருவாரியாகப் பகுத்துச் சீட்டெடுத்தல் தகும். அப்பட்டியலிற் சிறார் இடம்பெறார் என்பதையும் அவர் குறித்தல் வேண்டும். சீட்டில் வந்தவர் கழனிக்குச் சென்றிருப்பின் மாலையில் மீண்டும் செல்க. திண்ணையிலிருக்கும் அண்டை வீட்டு முதியவரை அவரிடத்திற் கொள்வாராயின், தேர்வு மீண்டும் எட்மோன் வழியதே ஆகும்.