காயத் தெரிந்த பச்சை

கருத்துச் சுருண்டு பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் பாசியைக் கண்டால், அதன் மேல் ஒரு மிடறு தண்ணீரை விட்டுவிட்டு அங்கேயே குந்துங்கள். செல்போனை எடுக்காதீர்கள், எடுத்தால் தவறவிடுவீர்கள். முறுக்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக அவிழும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்தக் கரி அப்பிய திட்டு முழுக்க இளம்பச்சை நட்சத்திரங்களாக நிற்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வாய் பிளந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது, மலை ஏற வேண்டியதில்லை, மழைக்காலம்கூட வேண்டியதில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

பாசி என்றதும் கிணற்றில் படர்வதும் குளியலறையில் ஆளை வழுக்கிவிடுவதும்தான் பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது அதுவல்ல. தண்டும் இலையும் உள்ள, கல்லில் மெத்தை விரிக்கும் குட்டிச்செடி. பள்ளிப் பாடத்தில் பிரையோஃபைட் என்று படித்தோமே, அந்த இனம். வேர் கிடையாது. கல்லைப் பற்றிக்கொள்ள ரைசாய்டு எனப்படும் மெல்லிய இழைகள் உண்டு, அவ்வளவுதான். தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் இல்லை. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். அதனால் குடிப்பதும் காய்வதும் உடம்பு முழுக்க நடக்கிறது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இதற்குச் சொந்தமில்லை. அது பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்.

பாசி பார்க்க மேகமலைக்குப் போ, கொடைக்கானலுக்குப் போ என்பார்கள். போகலாம், அங்கே மரம் மட்டை எல்லாம் பச்சைதான். ஆனால் எப்போதும் நனைந்திருக்கும் இடத்தில் பச்சையாக இருப்பதில் என்ன சாமர்த்தியம்? சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத கருங்கல்லில், ஆனி ஆடிக் காற்று அடித்து உலர்த்தும் இந்தப் பள்ளத்தாக்கில், ஒட்டிக் கிடந்து பிழைக்கிறதே, அந்தப் பாசிக்குத்தான் நான் அடிமை. சுருளி அருவிக்குப் போகும் வழியில் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். கும்பக்கரையில் எல்லாரும் தண்ணீரில் நிற்கும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி, தெறிப்பு மட்டும் விழுகிற பாறையைப் பாருங்கள். கூடலூர், கம்பம் பக்கம் தோட்டக் கிணறுகளின் கல்கட்டில் வடக்குப் பார்த்த பக்கத்தைப் பாருங்கள். திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்தூண்களில் மட்டும் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அடிச்சாம்பல் நோய்க்கும் இலைக்கருகலுக்கும் அடிக்கும் போர்டோ கலவையில் இருக்கும் செம்பு பெரும்பாலான பாசிகளுக்கு விஷம். அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

இந்த வட்டாரத்துக்குப் பாசியில் ஒரு பெருமை உண்டு, உள்ளூரில் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததுதான் குறை. கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகச் செண்பகனூருக்கு ஏறும் பழைய நடைபாதை இருக்கிறதல்லவா? அது போய்ச் சேரும் செண்பகனூரில், திரு இருதயக் கல்லூரியில், ஜார்ஜ் ஃபொரோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். பழனி மலைப் பாசிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, இங்கிலாந்தில் டிக்ஸன், பிரான்ஸில் போத்தியே த லா வார்த் என்ற பாசி ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். தென்னிந்தியப் பாசிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரைகள் பலவும் இந்தப் பொட்டலங்களிலிருந்து வந்தன. ஒரு பாசிப் பேரினத்துக்கே ஃபொரோயெல்லா என்று இவர் பெயர் இருக்கிறது. பழனி மலைப் பாசிகளின் பட்டியலாக இவர் எழுதியது 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. நம் வீட்டுக் கொல்லையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அது! பின்னாளில் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் டேனியல்ஸ் தமிழ்நாட்டுப் பிரையோஃபைட்டுகள் மொத்தத்துக்கும் பட்டியல் போட்டார்.

இனி அடையாளம். நகைப்பட்டறையில் கண்ணுக்கு வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே பாசி காலையில் பச்சை, மதியம் பழுப்பு. காய்ந்த நிலையில் ஒரு பார்வை, நனைத்து ஒரு பார்வை, இரண்டும் வேண்டும். காயும்போது இலை எப்படி மடங்குகிறது என்பதே பாதி விடை.

நான் முதலில் சொன்ன நட்சத்திரப் பாசி ஹையோஃபிலா இன்வொலூட்டா. காய்ந்தால் இலையின் இரு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு குழாயாகிவிடும். நனைந்தால் நாக்கு வடிவத்தில் அகன்று விரியும், நுனியோரத்தில் சின்னப் பற்கள் தெரியும். சுவர், பாலம், பாறை, சிமென்ட் எதையும் விடாது. தொட்டியோரத்தில் வெள்ளி மினுங்கும் சிறு திட்டு பிரையம் அர்ஜென்டியம். இலையின் மேல்பாதியில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளி. அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டு நடைபாதையோரத்துச் செடி பூமியின் தென்கோடிப் பனியிலும் இருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கர்வமும் வருகிறது. அதன் உறவுக்காரன் பிரையம் கொரோனேட்டம், சிவந்த காம்பு நீட்டி அதன் முனையில் குப்பியைத் தலைகீழாகத் தொங்கவிடும். குப்பியின் கழுத்து தடித்திருக்கும். இலைகள் இரண்டே வரிசையில், தட்டையாக, இறகு வடிவில் அடுக்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஃபிசிடென்ஸ்.

குப்பி கிடைத்தால் கொண்டாட்டம்தான். ஸ்போர் எனும் வித்துத்தூள் இருக்கும் அந்தக் குப்பிக்கு முதலில் ஒரு மூடி உண்டு. மூடி விழுந்ததும் வாயைச் சுற்றிப் பற்கள் தெரியும். பிரையத்துக்கு இரண்டு வரிசைப் பல், ஹையோஃபிலாவுக்குப் பல்லே கிடையாது. லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே பிரையத்தின் பற்கள் மேல் வாயால் ஆவி ஊதுங்கள். அசையும்! காற்றின் ஈரத்துக்கேற்ப வளைந்து நிமிர்ந்து ஸ்போரை வெளியே விடும் வேலை அது. இதை ஒரு தரம் பார்த்த பிள்ளை பாடப்புத்தகத்துப் படத்தை மறக்காது.

வளர்ப்புக்கு வருகிறேன். காட்டிலிருந்து எடுக்காதீர்கள். மலைப்பக்கம் பெரும்பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஒரு இணுக்குக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கத் தேவையும் இல்லை. வெள்ளையடிக்கச் சுரண்டப் போகிற காம்பவுண்டுச் சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லில் இருந்ததைக் கல்லிலேயே வையுங்கள், மண்தொட்டியில் போட்டால் முகம் சுளிக்கும். ஆட்டுக்கல்லைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கொத்திய கருங்கல், இழை பிடிக்கச் சொரசொரப்பு, குழியில் தேங்கும் ஈரம். கிரைண்டர் வந்தபின் கொல்லையில் குப்புறக் கிடக்கும் அதை எடுத்து நிழல் பக்கமாக, காற்று நேரே அடிக்காத மூலையில் வைத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் ஆசை காட்டி ஆளைக் கொல்கிறோம். பாவம், வெயிலில் வாடுகிறதே என்று மதியம் 12 மணிக்குக் கொஞ்சம் தெளிப்போம். அதைவிடக் கொடுமை வேறில்லை. காய்ந்த பாசி நனைந்ததும் முதலில் செய்வது செலவு: உலர்ந்தபோது சிதைந்ததைச் சரிபார்க்கும் வேலை. ஒளிச்சேர்க்கையில் வரவு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் வெயில் மறுபடி உலர்த்திவிட்டால், கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கிச் சாம்பிராணி போட்டு உட்கார்ந்ததும் ஷட்டரை இறக்கு என்ற கதைதான். தினமும் அப்படி நடந்தால் முதலே கரைந்துவிடும். அதோடு, காய்ந்த பாசி தாங்கும் சூட்டை நனைந்த பாசி தாங்காது, வெந்துபோகும். அதனால் தெளித்தால் பொழுது சாய்ந்தபின் நன்றாகத் தெளியுங்கள், காலை வெளிச்சத்தில் சில மணி நேரமாவது ஈரம் நிற்கட்டும். இல்லையென்றால் தெளிக்கவே வேண்டாம். காயட்டும். மாதக்கணக்கில் காய்ந்தாலும் இந்தப் பாறைக்காரர்கள் சாக மாட்டார்கள்.

மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே அமிர்தம். போர் தண்ணீர் உப்பு நாளடைவில் வெள்ளையாகப் படிந்து இலையை மூடிவிடும். உரம் வேண்டாம், சாணிக்கரைசல் வேண்டாம். மோரில் பாசியை அரைத்துக் கல்லில் பூசு என்று ஒரு வைத்தியம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இந்த ஊர் வெப்பத்தில் அது பூஞ்சைக்குப் போடும் விருந்து. மோரை நீங்கள் குடித்துவிடுங்கள்.

பெருக்குவதற்கு ஜப்பான்காரர்கள் வழிதான் எனக்குப் பிடித்தது. கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு கோயில், தோட்டம் முழுக்கப் பாசி, 120 வகை என்கிறார்கள். அந்த நாட்டு நாற்றங்கால்களில் பாசியை நிழலில் உலர்த்தி, கையால் நொறுக்கி, தூவி விதைக்கிறார்கள். நாமும் செய்யலாம். உலர்ந்த ஹையோஃபிலாவை உள்ளங்கையில் கசக்கி, நனைத்த கல்லில் தூவி, விரலால் அழுத்தி, காற்றில் பறக்காமல் மெல்லிய பருத்தித் துணியை மேலே கட்டிவிடுங்கள். ஐப்பசி அடைமழை தொடங்கும்போது செய்தால் பாதி வேலையை வானமே பார்த்துக்கொள்ளும். நொறுங்கிய இலைத்துணுக்கு ஒவ்வொன்றும் புதுச்செடி ஆகக்கூடியது. ஹையோஃபிலா போதாக்குறைக்கு இலையிடுக்கில் கெம்மா என்ற நட்சத்திர வடிவத் துணுக்குகளையும் தானே உண்டாக்கி உதிர்க்கிறது. பாசித் துணுக்கின் உயிர்ப்பிடிப்புக்கு ஒரு சான்று போதும்: அண்டார்டிகாவின் சிக்னி தீவில் 1,500 ஆண்டுக்கு மேல் உறைந்து கிடந்த பாசி ஆய்வகத்தில் மறுபடி துளிர்த்ததை 2014-ல் வெளியிட்டார்கள்.

தூவிய சில வாரத்தில் கல்லில் பச்சைப் பூச்சு ஒன்று தெரியும், வழுக்குப் பாசி பிடித்தது போலவே இருக்கும். தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்! அது புரோட்டோனீமா, பாசியின் முதல் பருவம். அந்த இழைகளில்தான் மொட்டு கட்டும், மொட்டிலிருந்து இலை வரும். மெத்தையாகத் திரள மாதங்கள் ஆகும். அதற்குள் தவிட்டுக்குருவிகள் வந்து புழு இருக்கிறதா என்று கிளறும். கொசுவலை போட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டு அப்பத்தா என் கொல்லையைப் பார்த்து, “ஏன்யா, ஊரெல்லாம் பாசியச் சொரண்டி எறியிது, நீ என்னடான்னா தண்ணி தெளிச்சு வளக்குற?” என்று கேட்டது. பதில் சொல்லாமல் லென்ஸைக் கையில் கொடுத்தேன். காய்ந்த திட்டில் தண்ணீர் விட்டேன். அப்பத்தா ரொம்ப நேரம் குனிந்தே இருந்தது. “ஆத்தீ, எந்திரிக்குதுய்யா!” என்றது. இப்போது அதன் வீட்டு ஆட்டுக்கல்லும் என் கொல்லைக்கு வந்துவிட்டது. வர்ற ஐப்பசியில் அதன் வெளிப்பக்கத்தில் பிரையம் கொரோனேட்டம் தூவப்போகிறேன், குழிக்குள் ஹையோஃபிலா. கார்த்திகை மார்கழிக்குள் புரோட்டோனீமா பிடித்துவிட்டால் சித்திரைக்குள் மெத்தை கட்ட நேரம் இருக்கிறது.