துணி உறை: அழகும் கணக்கும்

சோப்பு, தேயிலை, நகை, பட்டுப்புடவை என எதையும் துணியில் தைத்த உறையில் வைத்து விற்பது இன்று வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த உத்தியாகிவிட்டது. அட்டைப் பெட்டிக்கு இல்லாத மென்மையும் கைவேலையின் சாயலும் துணிக்கு உண்டு. சுருக்குக் கயிறும் ஓரத்தில் ஓடும் தையலும் உள்ளிருக்கும் பொருளின் மதிப்பைக் கூட்டிக் காட்டுகின்றன. கூடவே ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற நற்பெயரும் கிடைத்துவிடுகிறது. அழகைப் பொறுத்தவரை அந்தப் புகழ்ச்சியில் பிழையில்லை. நற்பெயரைத்தான் சோதிக்க வேண்டும். பொருளை எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் துணிக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே யோசித்துத் தைத்த உறைக்கு மட்டுமே அது பொருந்தும்.

அப்படி யோசித்ததற்கு நல்ல சான்று அமெரிக்கத் தீவன மூட்டை. தையல் எந்திரம் வந்து வலுவான மூட்டுத் தையல் எளிதான பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மரப் பீப்பாய்களில் போன மாவும் தீவனமும் பருத்திச் சாக்குகளுக்கு மாறின. பண்ணை வீட்டுப் பெண்கள் காலிச் சாக்கைப் பிரித்துத் துண்டும் உள்ளாடையும் தைத்துக்கொண்டார்கள். இதைக் கவனித்த ஆலைகள் 1920களில் கட்டம் போட்ட துணியிலும், பிறகு பூப்போட்ட துணியிலும் சரக்கை அடைத்து விற்றன. மூட்டையின் வாய்க்குப் போட்டது சங்கிலித் தையல். நம் அரிசி மூட்டையில் இருப்பதுபோல, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுதும் உருவிக்கொண்டு வரும். நிறுவனத்தின் பெயர் துவைத்தால் போகும் மையிலோ, நனைத்தால் உரியும் காகிதச் சீட்டிலோ இருந்தது. 100 பவுண்டு மூட்டையில் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாகவே துணி தேறும். அதே பூ வேலைப்பாட்டில் மூன்று மூட்டை சேர்ந்தால் ஒரு கவுன். தையல், மை, அளவு என மூன்று முடிவுகளும் வாங்குபவரின் அடுத்த தேவையை மதித்து எடுக்கப்பட்டவை.

இந்த அளவுகோலில் இன்றைய பரிசு உறைகளில் பல தேறுவதில்லை. ஒரு மோதிரம் மட்டுமே கொள்ளும் பையில் வேறு எதை வைப்பது? துவைத்தாலும் போகாத நிறுவனப் பெயர், பசை தடவி ஒட்டிய உள்துணி, செயற்கை இழை நாடா ஆகியவை அந்தத் துணியின் மறுபயனுக்கும் மறுசுழற்சிக்கும் ஒருசேரத் தடையாகின்றன. பருத்தி விளைய நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். சாயமேற்றினால் கழிவுநீர் வரும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, கடைகளில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பையுடன் மற்றப் பைகளை ஒப்பிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால், பருத்திப் பை அதற்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டும். எல்லாச் சுற்றுச்சூழல் அளவீடுகளையும் சேர்த்தால் 7,100 முறை. அதாவது நாள்தோறும் எடுத்துப் போனாலும் 19 ஆண்டுகளுக்கு மேல்.

இந்த எண்ணை வைத்துத் துணியே வீண் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் அந்த ஆய்வின் எல்லையைப் பார்க்க வேண்டும். தெருவிலும் கடலிலும் சேரும் குப்பையின் கேட்டை அது கணக்கில் சேர்க்கவில்லை. பழைய பைகள் ஒழுங்காகச் சேகரிக்கப்படும் நாட்டுக்குப் போட்ட கணக்கு அது. சாக்கடையை அடைக்கும் பைகளோடு வாழும் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 52 என்ற எண்ணைத் தட்டிக்கழிக்க முடியாது. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் பை ஓராண்டில் அதை எட்டிவிடும். மேசை இழுப்பறையில் கிடக்கும் நகைப் பை ஒருபோதும் எட்டாது.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சள் துணிப் பை பட்டிக்காட்டு அடையாளம் என்ற கூச்சத்தை உடைக்க முயன்றதே அந்த இயக்கத்தின் கூர்மை. கையில் எடுத்துப்போக மனம் வராத பை எத்தனை உறுதியாக இருந்தாலும் பயனில்லை. வடிவமைப்பாளரின் அழகுணர்ச்சிக்கு உண்மையான வேலை இங்கேதான். இதற்கிடையே துணிபோலத் தோன்றும் நான்-ஓவன் பைகள் கடைகளில் நிறைந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். நெசவும் இல்லை, பருத்தியும் இல்லை. துணியின் நற்பெயரைத் தோற்றம் மட்டுமே சம்பாதித்துத் தரும் என்றால் ஏமாற்றுவது இவ்வளவு சுலபம்.

துணி உறைக்குச் செலவு அதிகம், தையல் கூலி கட்டுப்படியாகாது என்பது அடுத்த மறுப்பு. அது உண்மை, அமெரிக்கச் சாக்குகளை 1950களில் ஓரங்கட்டியதும் மலிவான காகிதப் பைதான். எனவே எல்லாப் பொருளுக்கும் துணி என்பது வீம்பு. திருப்பூரின் பின்னலாடை வெட்டுத் துண்டுகள் போன்ற கழிவுத் துணியைப் பயன்படுத்தினால் புதிய பருத்தியின் சுமை குறையும். ஆனால் துண்டுகள் ஒரே அளவிலும் நிறத்திலும் கிடைக்காது, பின்னல் துணி இழுபடும். தையலையே குறைப்பது இன்னொரு வழி. ஜப்பானின் ஃபுரோஷிகி ஒரு சதுரத் துணி மட்டுமே. முடிச்சால் உறையாகிறது, அவிழ்த்தால் மறுபடி துணியாகிறது.

ஆகவே, துணி உறையைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: தையல் பிரியுமா, பெயர் அழியுமா, அந்த அளவில் வேறு எதற்காவது உதவுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், மெல்லிய காகித உறையே நேர்மையானது.