பார்க்கிற கண்கள் எத்தனை?

எரிக் ரேமண்டின் ‘தி கதீட்ரல் அண்ட் த பஜார்’ புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 1997-ல் கட்டுரையாக வாசிக்கப்பட்டு, 1999-ல் புத்தகமானது. கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு அது வேதம் மாதிரி. நான் பி.காம்.; புரோகிராம் எழுத வராது. என்னையே உட்கார வைத்துப் படிக்க வைக்கிற நடை. ஆபத்தும் அதில்தான்.

ரேமண்ட் சொல்வது சிம்பிள். சின்னக் கூட்டமொன்று கதவைச் சாத்திக்கொண்டு சர்ச் கட்டுவதுபோல் சாஃப்ட்வேர் எழுதலாம். அல்லது நிரலைச் சந்தையில் கடை பரப்பிவிடலாம். பார்க்கிற கண்கள் பெருகப் பெருகத் தப்புகள் சுலபமாக அகப்படும். சாட்சிக்கு, தானே நடத்திய ‘ஃபெட்ச்மெயில்’ புரோகிராமை அழைக்கிறார். நல்ல சாட்சிதான். ஆனால், அதை உபயோகித்தவர்களில் பலர் புரோகிராமர்கள். குறை கண்டால் திருத்தியே அனுப்பினார்கள். ஆன்லைனில் கரண்ட் பில் கட்டுகிற நீங்களும் நானுமா அப்படி அனுப்பப்போகிறோம்?

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ வந்தது. பாஸ்வேர்டு, கார்டு நம்பர்களைப் பூட்டி அனுப்பும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற இலவச நிரலில் ஓட்டை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம், ‘இருக்கிறாயா? இட்லி என்று சொல், 3 எழுத்து’ என்று கேட்கும். அதுவும் திருப்பிச் சொல்லும். யாராவது போக்கிரி ‘இட்லி, 500 எழுத்து’ என்று கேட்டால்? எண்ணிப் பார்க்காமல் இட்லியோடு, ஞாபகத்தில் பக்கத்தில் கிடந்த மற்ற 497 எழுத்தையும் கொடுத்துவிடும். அதில் உங்கள் பாஸ்வேர்டும் இருக்கலாம்!

இரண்டு வருஷம் சந்தையில் திறந்தே கிடந்தது இந்தத் தப்பு. உலகமே உபயோகித்த அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர். வருஷ நன்கொடை சுமார் 2,000 டாலர். டவுன் பஸ்ஸில் பர்ஸ் போகிற கதைதான். இத்தனை பேரில் யாராவது பார்ப்பார்கள் என்று இத்தனை பேருமே இருந்துவிட்டார்கள்.

‘அப்போ சொந்தமாக எழுதிக்கொள்வதே உத்தமம்’ என்பீர்கள். அமெரிக்காவின் நைட் கேப்பிடல் பங்கு வர்த்தகக் கம்பெனி அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வரில் ஏழுக்குப் புது நிரல் போட்டார்கள், எட்டாவதை மறந்தார்கள். அதில் 2003-லேயே கைவிட்ட பழைய நிரல் விழித்துக்கொண்டு, வாங்கித் தள்ளியது. 45 நிமிஷத்தில் 44 கோடி டாலர் அவுட். மார்க்கெட் திறக்குமுன்பே அவர்களுடைய சிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில் அனுப்பியிருந்தது. ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் என் பி.காம். மூளை முழித்துக்கொள்கிறது. இலவச நிரலுக்குப் பேரேட்டில் விலை சைபர். சைபருக்கு யார் பராமரிப்புச் செலவு எழுதுவார்? சொந்த நிரலோ எழுதிய வருஷச் சம்பளத்தோடு மறக்கப்படுகிறது. ரேமண்டுக்கு இது தெரியாததல்ல. அதே புத்தகத்தின் ‘மேஜிக் கால்ட்ரன்’ கட்டுரையில், பராமரிப்புதான் பெரிய செலவு என்கிறார். அடுத்து ஓசிக்காரர்களால் நஷ்டமில்லை, எத்தனை பேர் உபயோகித்தாலும் நிரல் தேயாது என்று வாதாடுகிறார். நிரல் தேயாது, சரி. அந்த ஒற்றை ஆள்? அவரைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கலாம்.

ஹார்ட்பிளீடுக்குப் பிறகு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் உள்பட டஜன் கம்பெனிகள் போல, ஆளுக்கு வருஷம் லட்சம் டாலராக மூன்று வருஷம் தர முன்வந்தன. சுமார் 36 லட்சம். நைட் கேப்பிடல் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். அரை நிமிஷம்கூடத் தேறவில்லை.