மறதியின் கணக்கு: நினைவுக்கான கணினி மாதிரி ஒன்றன் மதிப்பீடு

மறதியை நினைவின் குறைபாடாகக் கருதுவதே பொது வழக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சனும் லேல் ஸ்கூலரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. அவ்வாய்வின் வலிமையையும் எல்லையையும் ஈண்டு நோக்குவோம்.

எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி பற்றிய தம் அளவீடுகளை 1885இல் வெளியிட்டார். மறுமுறை கற்கையில் அவருக்கு மிச்சமான உழைப்பு, இருபது நிமிடத்திற்குப்பின் ஏறத்தாழ 58 விழுக்காடு. ஒரு நாளுக்குப்பின் 34. 31 நாள்களுக்குப்பின் 21. மறதி முதலில் விரைந்தும் பின்னர்த் தளர்ந்தும் செல்வதை இவை காட்டின.

இவ்வடிவத்திற்கான காரணத்தை ஆண்டர்சனும் ஸ்கூலரும் மனத்திற்குள் தேடாமல் புறவுலகில் தேடினர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஈராண்டுத் தலைப்புகள், குழந்தைகளிடம் பெற்றோர் பேசிய பேச்சு, மின்னஞ்சல் அனுப்பியோர் பெயர்கள் ஆகியவற்றை எண்ணினர். ஒரு சொல் இறுதியாக வந்து நாள்கள் செல்லச்செல்ல, அது மீண்டும் வரும் வாய்ப்பும் மறதியின் வடிவிலேயே குறைந்தது. எனவே, தேடும் செலவைவிடப் பயன் குறைவாகும்போது நினைவு தேடலைக் கைவிடுகிறது என்பது அவர்தம் முடிபு. இம்முடிபின்படி மறதியும் ஒரு தீர்மானமே. 'ஆக்ட்-ஆர்' என்னும் கணினி மாதிரியின் நினைவுச் சமன்பாடு இதனை அடியொற்றியது.

இதன்மேல் இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, பொருத்தம் பற்றியது. மாதிரியின் கணிப்பு தரவோடு ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. எந்த முடிவு வந்தால் மாதிரி பொய்க்கும் என்பதும் தெரிய வேண்டும் என ராபர்ட்ஸும் பாஷ்லரும் 2000இல் வாதிட்டனர். ஆக்ட்-ஆர் மாதிரியில் நினைவு தேயும் அளவு பெரும்பாலும் 0.5 என நிலைநிறுத்தப்படுவது பாராட்டத்தக்கது. ஆயினும், பிற எண்களைச் சோதனைக்கேற்ப மாற்ற அதில் இடமுண்டு.

இரண்டாவது, அலகு பற்றியது. எண்ணப்பட்ட சொற்கள் ஆங்கிலச் சொற்கள். தமிழில் மரம், மரத்தை, மரங்களில் என்பன ஒரு சொல்லின் மூன்று வருகைகளா, மூன்று தனிச் சொற்களா? விடைக்கேற்ப மீள்வருகையின் கணக்கே மாறும்.

இடைவெளி விட்டு மீளக் கற்பிக்கும் கால அட்டவணைகளை இத்தகைய மாதிரிகளைக்கொண்டு வகுக்க இயலும். எனினும், ஆங்கிலத் தரவில் பிறந்த எண்களை நம் வகுப்பறைக்கு அவ்வாறே கொணர்தல் முறையன்று. மறதிக்கும் நியாயம் உண்டு எனக் காட்டிய இம்மாதிரியை நாம் மதிக்கிறோம். அந்நியாயம் தமிழிலும் பொருந்துமா என்பதைத் தமிழ்ச் சொற்களை எண்ணியே துணிதல் வேண்டும்.