நல்ல தண்ணியும் நீலகிரி இலையும்

கோவை சிங்காநல்லூர் வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்கும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. மாநகராட்சி விடுவது நல்ல தண்ணி. பால் டீயில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பால் சேராத இலைத் தேயிலையை உப்புத் தண்ணியில் போட்டால் சாயம் மங்கிக் கறுக்கும், மேலே மெல்லிய ஆடை படியும், மணம் எழவே எழாது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு தேயிலையின் துவர்ப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. கோவையின் கிழக்குப் பக்கத்துக்கு நல்ல தண்ணியாக வரும் பில்லூர் அணைத் தண்ணீர் பவானி ஆற்றுடையது. நீலகிரியின் குந்தா ஆற்று நீரும் அதில் கலந்திருக்கிறது. குந்தாச் சரிவுகளில் விளைவது தேயிலை. ஒரே மலையின் நீரும் இலையும் நம் டம்ளரில் சேர்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டஸ்ட் டீயைக் குறைத்துப் பேச மாட்டேன். அதைத் தருகிற, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறை 1930களில் அஸ்ஸாமில் வந்தது. குன்னூர் ஏலத்துக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி இன்று அந்த முறைத் தேயிலைதான். சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். தட்டிய இஞ்சியோடு தண்ணீரில் கொதித்தபின் பால் சேரட்டும். நாட்டுச்சர்க்கரை போடுகிறவர்கள் அடுப்பை அணைத்தபின் போடுங்கள், இல்லையேல் பால் திரிந்துவிடும்.

ஆனால் நீலகிரியின் முழு அழகு ஆர்த்தடாக்ஸ் இலையில் இருக்கிறது. கிழிக்காமல் உருட்டி மட்டும் எடுத்த இலை. பால் ஊற்றினால் அதன் மணம் செத்துவிடும். 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் போதும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே 98க்கு மேல் போகும். அதனால் மலையில் நான்கு நிமிடம் ஊறவிடுகிற இலைக்கு நம் ஊரில் மூன்று நிமிடமே தாராளம். கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கறுத்து முறுகிக் கிடந்த இலை மெல்ல அவிழ்ந்து, நரம்பு தெரிய விரிந்து, செம்பு நிறத்துக்குத் திரும்பும். வடித்தபின் மூடியைத் திறந்து அந்த ஈர இலையை முகர வேண்டும். தேயிலை ருசி பார்க்கும் தொழில்காரர்களும் ஊறிய இலையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை.

கிரீன் டீக்குக் கொதி அடங்கிய தண்ணீர், 80 டிகிரி அளவில். சுடச்சுட ஊற்றினால் கசப்பேறும்.

மார்கழி, தை மாதங்களில் மலையில் உறைபனி விழும்போது செடியின் வளர்ச்சி தளர்கிறது. மணம் கொழுந்திலேயே செறிகிறது. அப்போது பறிப்பதை ஃப்ராஸ்ட் டீ என்று தனியாக விற்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் 50 கிராமாவது வாங்குங்கள். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், எந்த வாசனையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஊறிய இலையை ஒரு தடவையோடு கொட்டியும் விடாதீர்கள். இரண்டாம் தண்ணிக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் துவர்ப்பு குறைந்து பூ மணம் இன்னும் தெளிவாக வரும்.