மௌனத்துக்கும் தண்டம் வேண்டும்

2006 ஆகஸ்ட் 4ஆம் நாள், எங்கள் மூதூரிலே, பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். சரியாகப் பத்தாண்டுகளின் பின், 2016 ஆகஸ்ட் 4ஆம் நாள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபாநாயகரின் கையொப்பம் பெற்றது.

அக்கொலையையும் ஆராய்ந்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009இல் ஜனாதிபதியிடம் சேர்ந்தது. நாடாளுமன்றம் அதைக் கண்டதோ 2015இலேதான். இடைப்பட்ட ஆறாண்டுகளில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தச் சட்டத்தைக் காட்டி அதைக் கேட்டிருப்பாள்?

இன்று சட்டம் உண்டு. காரணம் கூறாமலே குடிமகன் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் அதிகாரி முடிவு கூறவேண்டும். கூறாவிட்டால்? மேலதிகாரியிடம் முறையீடு, பின்னர் கொழும்பிலுள்ள ஆணைக்குழு, அதன் பின்னர் மேன்முறையீட்டு நீதிமன்றம். சொத்து விபரம் சமர்ப்பித்த நாடாளுமன்ற உறுப்பினர் யாவர் என்று பத்திரிகையாளர் ஒருவர் 2018இல் கேட்டார். நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது, ஆனால் 2023இல்!

பத்திரிகையாளர் காத்திருந்தார். அன்றாடம் வலைவீசி உண்ணும் மூதூர் மீனவன் கொழும்புக்கு எத்தனை முறை போவான்? தவறிய அதிகாரிமீது வழக்குத் தொடரும் அதிகாரமும் ஆணைக்குழுவுக்கே உண்டு, அவனுக்கில்லை.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், தாமதித்த நாளொன்றுக்கு 250 ரூபா வீதம், 25,000 ரூபா வரை, அதிகாரியிடமே தண்டம் அறவிட இடமளிக்கிறது. அது அங்கும் முழுமையாக நடைபெறுகின்றதென்று கூறோம். ஆயினும் நியாயம் தெளிவானது: கேட்டவன் இழக்கும் நாளுக்கு விலையுண்டு. அதை வாய்மூடி இருந்தவனே செலுத்தட்டும்!