தருவதும் ஆவதும்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் என்றாலே நமக்கு ராஜேந்திர சோழன்தான். அங்குள்ள இறைவன்மேல் கருவூர்த் தேவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அதில் ஒரு பாட்டு ரொம்ப நாளா உறுத்துது. ஐந்தெழுத்தை நினைத்து உருகும் தொண்டருக்குப் பொன்மலை, மாளிகை, பெண்கள், கற்பகச் சோலை என்று பட்டியல் நீள்கிறது. இது பக்தியா, பேரமா?

யூதர்கள் தினமும் மூன்று வேளை சொல்லும் அமிதாவில், வார நாட்களில் விளைச்சலையும் கேட்கிறார்கள். அது வெளிப்படையான கோரிக்கை. கருவூரார் கேட்கவே இல்லை. வினைச்சொல்லைக் கவனிங்க: இறைவன் இதையெல்லாம் தருவான் என்றில்லை, தொண்டருக்கு இதெல்லாமாக அவனே ஆகிறான். தருபவன் தராத நாளில் நம்பிக்கை ஆட்டம் காணும். ஆகிறவனிடம் கணக்குக் கேட்க முடியாது. பாட்டின் பலம் அந்த ஒரு வினையில்தான். ஆனால் பொன்னோடு பொன்னாகப் பெண்ணையும் அடுக்கியிருப்பதை எந்த இலக்கணமும் காப்பாற்றாது.